கவுன்சிலிங் – சீட்டா? யோசனையா?



நம் மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. எனவே நாலு பேருக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு பாடம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பாடத்தின் தலைப்பு ஒரே சொல்தான்: கவுன்சிலிங்.

"கவுன்சிலிங் முடிஞ்சுதாங்க?" என்று நம்ம பக்கம் ஒருவரைக் கேட்டால், "சீட் கிடைச்சுதா?" என்று கேட்பதாகத்தான் அர்த்தம். அகராதியைப் புரட்டினால் 'ஆலோசனை கூறுதல்' என்று போட்டிருக்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தமிழனுக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே ஒரு பொருள் வளர்ந்து ஆலமரமாகிவிட்டது. இன்னொன்று இன்னும் நாற்றாகவே நிற்கிறது. சீட் கொடுக்கிற கவுன்சிலிங் கம்ப்யூட்டர், செல்போன் வரை வந்துவிட்டது. யோசனை சொல்கிற கவுன்சிலிங் நம் ஊர் ஹைஸ்கூல் வாசலில் இப்போதுதான் செருப்பைக் கழற்றுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது, டிப்ளமோ படிக்கிற நமக்கு அதில் என்ன பங்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

1. நாலு ரோட்டு ஊர்

நான் அவிநாசிபாளையத்துக்காரன். எங்கள் ஊர் நாலு ரோடு சேருகிற இடம். வடக்கே திருப்பூர், தெற்கே தாராபுரம், மேற்கே பல்லடம், கிழக்கே காங்கயம். எந்த ரோட்டில் போனாலும் வேலை உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி, பல்லடம் பக்கம் விசைத்தறியும் கோழிப்பண்ணையும், காங்கயத்தில் அரிசி மில்லும் தேங்காய்க் களமும், தாராபுரம் போகிற வழியில் காற்றாலை. வேலை இல்லாத ஊரில் படிப்பைப் பற்றி ஒரு கவலை இருக்கும். வேலை இருக்கிற ஊரில் வேறு மாதிரிக் கவலை.

பரீட்சை முடிந்த வாரமே கம்பெனி வேன் நாலு ரோட்டுக்கு வந்து நிற்கும். லீவுக்குத்தானே என்று செக்கிங், பேக்கிங், பிசிறு வெட்டுவது என்று ஏறிப் போவார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் சனிக்கிழமை கையில் சம்பளம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை, தனக்கு ஒரு செல்போன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது சிலர் திரும்பி வருவதே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வாரா வாரம் வருகிற காசு கண்ணுக்குத் தெரிகிறது. ஆறு வருஷம் கழித்து வருகிற பலன் தெரிவதில்லை. தெரியாததைத் தெரிய வைப்பதுதான் ஆலோசனை. அந்த வேலைக்கு ஆள் யார்?

அமெரிக்காவில் ஹைஸ்கூலில் இதற்கென்றே ஒரு உத்தியோகம் உண்டு. 'ஸ்கூல் கவுன்சிலர்' என்று பெயர். எந்தப் பாடம் எடுக்கலாம், எந்தக் கல்லூரிக்கு எழுதிப் போடலாம், உதவித்தொகைக்கு என்ன வழி என்று மாணவனை உட்கார வைத்துப் பேசுவது அவர் வேலை. 250 மாணவருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பள்ளி ஆலோசகர் சங்கம் சிபாரிசு செய்கிறது. அங்கேயும் பல மாநிலங்களில் அந்த அளவுக்கு ஆள் கிடையாது. அங்கே ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகப் பரிசீலிக்கிறது. மார்க் பார்க்கும், கட்டுரை கேட்கும், ஆசிரியர் கடிதம் கேட்கும். கொரோனா வந்த 2020இல் பல கல்லூரிகள் எஸ்.ஏ.டி. தேர்வு கட்டாயமில்லை என்றன, எம்.ஐ.டி. 2022இல் அதைத் திரும்பக் கொண்டு வந்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. விதி இப்படி அடிக்கடி மாறும்போது, மாறியதை எடுத்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டு முறை வேறு. மார்க், அதிலிருந்து ரேங்க், ரேங்க்குப்படி சீட். விதியெல்லாம் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. இது நமக்குப் பெரிய பலம். இந்தப் பலம் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

2. கதவுகள் திறந்த கதை

1984ஆம் வருஷத்தை ஒரு திருப்பம் என்று சொல்லலாம். அந்த வருஷம்தான் தமிழ்நாட்டில் சுயநிதி இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு வழி விட்டார்கள். நம் பக்கத்தில் பெருந்துறையில் கொங்கு இன்ஜினியரிங் கல்லூரியும் கோவையில் குமரகுருவும் அப்போது தோன்றியவை. அதே வருஷம் தொழிற்படிப்புக்கு நுழைவுத் தேர்வும் வந்தது. சீட் கூடியது, கூடவே ஒரு வடிகட்டியும் வந்தது. பட்டணத்தில் டியூஷன் போக வசதி உள்ளவருக்கு அந்த வடிகட்டி பெரிதில்லை. கிராமத்துப் பையனுக்கு அது இரண்டாவது பரீட்சை, அதற்கு வாத்தியாரும் கிடையாது.

கல்லூரிக்குக் கல்லூரி அலைவதை ஒழித்து, ஒரே இடத்தில் சீட் ஒதுக்குகிற ஒற்றைச் சாளர முறை 1990களில் வந்தது. அப்போது அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மு. அனந்தகிருஷ்ணன் அவர்களின் பெயரை இதனோடு சேர்த்தே சொல்வார்கள். 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு 1993இல் சட்டம் இயற்றி, 1994இல் அதை அரசியல் சட்டத்தின் 9ஆவது அட்டவணையில் சேர்த்தார்கள். நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று பரிந்துரைத்த குழுவுக்கும் அனந்தகிருஷ்ணன் அவர்களே தலைவர். 2006இல் சட்டம் கொண்டு வந்து, 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து ரேங்க் போட ஆரம்பித்தார்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200 என்கிற கட்-ஆஃப் கணக்கு நம் வீட்டுப் பெரியவர்களுக்கே மனப்பாடம்.

பிறகும் கதவுகள் திறந்தன. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, மருத்துவத்துக்கு 2020இலும் இன்ஜினியரிங் முதலான தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் வந்தது. அப்படிச் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கிற பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. நம் வகுப்பில் எத்தனை பேருக்கு அந்த ஆயிரம் ரூபாய் பஸ் பாஸாகவும் நோட்டாகவும் மாறியது என்று நமக்கே தெரியும்.

பரீட்சைத் தடை போனது, பணத்தடை குறைந்தது, அலைச்சல் குறைந்தது. மிச்சமிருப்பது ஒரே தடை: எதை, எந்த வரிசையில் கேட்பது என்று தெரியாத தடை.

3. கிண்டி ஹாலிலிருந்து பிரவுசிங் சென்டருக்கு

முன்பெல்லாம் கவுன்சிலிங் என்றால் சென்னைப் பயணம். திருப்பூரில் ராத்திரி ரயில் ஏறி, விடிகாலையில் இறங்கி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம். ஹாலில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் காலி என்று திரையில் ஓடும். அப்பாவும் பையனும் அதைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்வார்கள். நேரம் கொஞ்சம்தான். ஆனால் ஒரு நன்மை இருந்தது: காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும், இருப்பதில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம்.

2018இல் கவுன்சிலிங் ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அலைச்சல் போயிற்று, செலவு போயிற்று. நல்லதே. ஆனால் இப்போது திரையில் காலியிடத்தைப் பார்த்து எடுப்பதில்லை. முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் அதைப் படித்து ஒரு சீட் கொடுக்கிறது. முடிவெடுக்கிற வேலை ஹாலிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுகிறது.

எங்கள் வீதியில் ஓர் அக்கா. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர், அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறவர். பிளஸ் டூவில் கட்-ஆஃப் 170ஐத் தாண்டினார். வீதியே சந்தோஷப்பட்டது. பட்டியல் போடும்போது, "நெறையாப் போட்டா கொழப்பமாயிரும் அம்மணி, கண்டிப்பாக் கிடைக்கறதை மொதல்ல போட்டுக்கலாம்" என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். பக்கத்திலிருந்த நாலு கல்லூரிகளைப் போட்டார்கள். முதல் விருப்பமே கிடைத்தது. மிட்டாய் கொடுத்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அவரைவிடக் கட்-ஆஃப் குறைந்த வகுப்புத் தோழிக்கு, அதே இனப்பிரிவில், அதே எலக்ட்ரானிக்ஸ் பிரிவில், கோவையில் நல்ல பெயருள்ள ஒரு கல்லூரி கிடைத்திருக்கிறது என்று. தோழியின் மாமா ஒரு வாத்தியார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா நன்றாகத்தான் படித்தார். இப்போது ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறார். கௌரவமான வேலை, சம்பளமும் பரவாயில்லை. ஆனால் நாலு வருஷம் படித்த எலக்ட்ரானிக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லை. அந்த ஒரு மணி நேர இல்லாமைக்கு நாலு வருஷம் விலை.

4. பட்டியல் போடும் பாடம்

எனவே பாடத்தின் மையப் பகுதிக்கு வருவோம். தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? ரேங்க்கில் முன்னால் இருப்பவரின் பட்டியலை முதலில் எடுக்கிறது. மேலிருந்து கீழாகப் படிக்கிறது. முதல் வரியில் எழுதிய கல்லூரி, பிரிவு காலியாக இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். இல்லையென்றால் இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று இறங்கும். முதலில் காலியாக இருப்பது எதுவோ அதுதான் சீட்.

ஒரு கணக்கு போடுவோம். அ, ஆ, இ என்று மூன்று கல்லூரிகள். நம் மாணவனின் ரேங்க் 40,000. போன வருஷம் அவன் கேட்கிற பிரிவு 'அ'வில் 25,000ஆவது ரேங்க்கோடு முடிந்தது. 'ஆ'வில் 42,000 வரை போனது. 'இ'யில் 70,000 வரை போனது. அவனுக்கு மனதுக்குப் பிடித்த வரிசை அ, ஆ, இ.

பயந்துபோய் 'இ'யை முதலில் எழுதினால் என்ன ஆகும்? 'இ' காலியாக இருக்கிறது, கம்ப்யூட்டர் கொடுத்துவிடும். 'ஆ' காலியாக இருந்ததை அது எட்டிப் பார்க்கவே பார்க்காது. பிடித்த வரிசையிலேயே அ, ஆ, இ என்று எழுதினால்? 'அ' நிரம்பிவிட்டது, அடுத்து 'ஆ'. காலி இருக்கிறது, கிடைத்துவிட்டது. 'அ'வை மேலே எழுதியதால் அவனுக்கு ஏதாவது நஷ்டமா? ஒரு பைசா நஷ்டமில்லை. எட்டாத கல்லூரியை மேலே எழுதினால் தண்டனை என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. அது தப்பு.

இதிலிருந்து நாலு விதிகள்:

ஒன்று. எதைக் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று நினைக்கிறீர்களோ அந்த வரிசையில் எழுதாதீர்கள். எது வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுங்கள்.

இரண்டு. பட்டியல் நீளமாக இருக்கட்டும். கல்லூரியும் பிரிவும் சேர்ந்ததுதான் ஒரு விருப்பம். ஒரே கல்லூரியில் மூன்று பிரிவு கேட்டால் மூன்று வரி எழுத வேண்டும். மேலே ஆசைக்கு, நடுவே ரேங்க்குக்கு ஏற்றது, கீழே பத்திரத்துக்கு.

மூன்று. வேண்டவே வேண்டாம் என்று நினைக்கிற கல்லூரியை எழுதவே எழுதாதீர்கள். எழுதினால் கிடைத்துவிடும்.

நான்கு. தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு குறிப்பிட்ட நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். 'ஏற்றுக்கொள்கிறேன்', 'ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன்' என்றெல்லாம் தனித்தனி வாய்ப்பு இருக்கும். அர்த்தம் புரியாமல் பட்டனை அமுக்கக் கூடாது. நாளைத் தவறவிட்டால் சீட் போயிடும்.

போன வருஷக் கடைசி ரேங்க், கட்-ஆஃப் விவரங்கள் எல்லாம் கவுன்சிலிங் வெப்சைட்டிலேயே இலவசமாகக் கிடைக்கும். அதற்குப் பணம் கேட்கிறவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் "ஸ்காலர்ஷிப்போட சீட் வாங்கித் தர்றேனுங்க" என்று வீட்டுக்கே வருகிற ஏஜெண்டுகளிடமும் இதே மருந்துதான். சிறுபான்மை அந்தஸ்து இல்லாத தனியார் கல்லூரியில் 65 சதவீத இடம் அரசு ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் வழியாகவே வருகிறது. அதே கல்லூரியில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் போனால் கட்டணம் கூடுதல். முதல் பட்டதாரிச் சலுகையும் கவுன்சிலிங்கில் வருகிறவருக்குத்தான்.

5. எந்தப் பிரிவு? காற்றுள்ள பக்கம் மட்டும் போதுமா?

இப்போதைய காற்று கம்ப்யூட்டர் பக்கம் அடிக்கிறது. நல்ல நிலையில் உள்ள கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைக்கலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பை 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்று இடங்களைக் கூட்டிக்கொண்டே போயின. சிவில், மெக்கானிக்கல் இடங்களைப் பல கல்லூரிகள் குறைத்தன. ஒரு காலத்தில் மெக்கானிக்கலுக்கு இதே மாதிரி கூட்டம் நின்றது என்று நம் லேப் சார் சொல்லும்போது முதலாமாண்டுத் தம்பிகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இதில் படிக்க வேண்டிய பாடம்: சேருகிற அன்றைக்கு இருக்கிற காற்று, வெளியே வருகிற அன்றைக்கு நாலு வயது பழையது. அதற்காகக் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கில் நாட்டமும், உட்கார்ந்து யோசிக்கிற பழக்கமும் இருந்தால் தாராளமாகப் போகலாம். பக்கத்து வீட்டுப் பையன் போனான் என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது.

நம் ஊரையே பாருங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகுதான் தொழில் திரும்ப எழுந்தது. அதன் பிறகு சாயப்பட்டறைக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் ஆர்.ஓ. பிளான்ட் ஓட்ட, ஆவியாக்கும் கலத்தைப் பார்த்துக்கொள்ள, இன்ஸ்ட்ருமெண்ட் சரிபார்க்க, பாய்லர் பார்க்க என்று படித்த டெக்னீஷியன்கள் தேவைப்பட்டார்கள். 2010இல் யாரும் இதை ஒரு 'ஸ்கோப்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது திருப்பூரே கலங்கியது. ஆர்டர் உள்ளவரைதான் ஒன்றரை ஷிப்ட் என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது. வெறும் கையோடு நிற்பவனுக்கும், கையில் ஒரு டிப்ளமோவோடு நிற்பவனுக்கும் வித்தியாசம் அந்த மாதிரி மாதங்களில்தான் தெரியும்.

6. நம்ம வழி: நேரடி இரண்டாமாண்டு

"பிளஸ் டூ சேராம பாலிடெக்னிக் போயிட்டியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் சங்கடப்படாதீர்கள். ஒரு சின்னக் கூட்டல் போதும். பத்தாவதுக்குப் பிறகு பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷம், பி.இ. நாலு வருஷம், மொத்தம் ஆறு. பத்தாவதுக்குப் பிறகு டிப்ளமோ மூன்று வருஷம், நேரடியாகப் பி.இ. இரண்டாமாண்டில் சேர்ந்து மூன்று வருஷம், அதுவும் ஆறு. காலம் ஒன்றே. ஆனால் நம் வழியில் பாதி தூரத்திலேயே கையில் ஒரு தொழிற்சான்று இருக்கிறது. அங்கே நிற்க வேண்டி வந்தாலும் வேலை உண்டு. பி.இ. கட்டணமும் ஒரு வருஷம் மிச்சம்.

இந்தச் சேர்க்கைக்கும் தனிக் கவுன்சிலிங் உண்டு. காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு இன்ஜினியரிங் கல்லூரிதான் பல வருஷங்களாக இதை நடத்தி வருகிறது. முன்பு காரைக்குடிக்கே நேரில் போக வேண்டியிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு ஆன்லைன். அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு மேல் 10 சதவீதம் இதற்கென்று கூடுதலாக உண்டு. 60 பேர் வகுப்பென்றால் 6 இடம். முதலாமாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் இதில் சேரும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இதற்கு ஈசெட் என்று நுழைவுத் தேர்வு, கர்நாடகத்தில் டிசெட். நமக்குத் தேர்வு கிடையாது. டிப்ளமோ மார்க்தான் ரேங்க். அப்படியென்றால் நாம் எழுதுகிற செமஸ்டர் பரீட்சையே நமக்கு நுழைவுத் தேர்வு. அரியர் விழுந்தால் பிறகு பார்த்துக்கலாம் என்பவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கவும்.

இதற்கு முன்கூட்டியே செய்ய வேண்டியவை:

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை ஜனவரி, பிப்ரவரியிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். மே மாதம் போனால் கூட்டம். சான்றில் உள்ள பெயரும் இன்ஷியலும் மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தந்த வருஷக் குறிப்பேட்டை முழுக்கப் படியுங்கள். எந்த டிப்ளமோவுக்கு எந்தப் பி.இ. பிரிவு, எந்த செமஸ்டர் மார்க் கணக்கில் வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். போன வருஷம் சேர்ந்த அண்ணன் சொன்னது இந்த வருஷம் மாறியிருக்கலாம்.

கணிதத்தைக் கைவிடாதீர்கள். பி.இ. முதலாமாண்டுக் கணிதத்தை நாம் படிக்காமல் நேராக மூன்றாவது செமஸ்டரில் போய் உட்காருகிறோம். நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்த நம் சீனியர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது இதைத்தான். கடைசி செமஸ்டர் முடிந்து வகுப்பு தொடங்கும் வரை உள்ள இடைவெளியில், தொகையீடும் வகைக்கெழுச் சமன்பாடும் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

வீட்டு நிலைமை உடனே வேலைக்குப் போகச் சொல்கிறதா? அதுவும் தோல்வி இல்லை. 1961ஆம் வருஷத் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973 முதல் டிப்ளமோ படித்தவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் உதவித்தொகையோடு பயிற்சி. தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பி.இ. படிக்கிற வழியும் உண்டு. எந்தக் கல்லூரியில் அந்த வருஷம் நடக்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

7. நாம் செய்யக் கூடியது

யோசனை சொல்கிற கவுன்சிலிங்குக்கு அரசாங்கமும் அடியெடுத்து வைத்திருக்கிறது. 2018இல் 14417 என்ற கல்வி உதவி எண் வந்தது. 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டம், அதே வருஷம் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகள், படிப்பை நிறுத்தியவர்களைத் தேடி வந்த உயர்வுக்குப் படி முகாம்கள். நல்ல காரியங்கள். ஆனால் மாவட்டத் தலைநகரில் பெரிய மண்டபத்தில் நடக்கிற கூட்டத்தில், எங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பெண் எழுந்து நின்று, "எங்கப்பா கம்பெனிக்குப் போகச் சொல்றாருங்க, நான் என்ன பண்றது?" என்று கேட்பாளா? கேட்க மாட்டாள். அதைத் தெரிந்த முகத்திடம்தான் கேட்பாள். அந்தத் தெரிந்த முகம் நாம்தான்.

நம் பேரவைக்கு நான் வைக்கிற யோசனை இது. வருஷா வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாம் ஒவ்வொருவரும் படித்த பள்ளிக்கு இரண்டு மூன்று பேராகப் போவோம். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவோம். பிளஸ் ஒன், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மூன்றுக்கும் என்ன வித்தியாசம், எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று கரும்பலகையில் ஒரு படம் போட்டுக் காட்டுவோம். ஐ.டி.ஐ. முடித்தாலும் பிளஸ் டூ முடித்தாலும் டிப்ளமோ இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதே பல பேருக்குத் தெரியாது. நம் கல்லூரி நல்லது என்று விளம்பரம் செய்யப் போக வேண்டாம். பிளஸ் ஒன் போக வேண்டியவனைப் பிளஸ் ஒன் போகச் சொல்ல வேண்டும். அதுதான் யோசனை, மற்றது ஏஜெண்டு வேலை.

அடுத்து, கவுன்சிலிங் நேரத்தில் ஒரு வாரம். பட்டியல் போடுகிற நாட்களில், நம்மில் விவரம் தெரிந்த நாலு பேர் சாயங்காலம் நம் நூலகத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். தங்கை, தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராக இருந்தாலும் வந்து கேட்கட்டும். நாம் பட்டியலை எழுதிக் கொடுக்கக் கூடாது. அவர்கள் கையால் எழுத வைத்து, "இது ஏன் இதுக்கு மேலே?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரிந்தால் பட்டியல் சரி. அவ்வளவுதான் கவுன்சிலிங்.

மூன்றாவது, அப்பா அம்மாவிடம் பேசுவது. இது கஷ்டம், ஆனால் இதுதான் முக்கியம். "படிச்சு என்னத்தப் பண்றது, கம்பெனில கை நிறையாச் சம்பளம் வருதே" என்று கேட்கிறவரிடம் படிப்பின் பெருமையைப் பிரசங்கம் செய்தால் எடுபடாது. அவர் மொழியிலேயே கணக்கு சொல்ல வேண்டும். எந்த வயது வரை டெய்லர் ஒன்றரை ஷிப்ட் ஓட்ட முடியும்? ஆர்டர் இல்லாத மாதத்தில் யாரை முதலில் நிறுத்துவார்கள்? அவருக்கு நம்மைவிட நன்றாகவே பதில் தெரியும். நாம் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிடுவார்.

நண்பர்களே, சீட் கொடுக்க அரசாங்கம் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. யோசனை சொல்ல, ஒரு வருஷம் முன்னால் அதே வழியில் நடந்து போனவன் வேண்டும். அந்த விதத்தில் நம் கல்லூரியில் படிக்கிற ஒவ்வொருவருமே ஒரு கவுன்சிலர்தான். பதவி உண்டு, சம்பளம்தான் கிடையாது. வருகிற பிப்ரவரி சனிக்கிழமைக்கு வரச் சம்மதம் உள்ளவர்கள், படித்த பள்ளியின் பெயரை எழுதிப் பேரவைச் செயலாளரிடம் கொடுங்கள். அவிநாசிபாளையம் பக்கத்துப் பள்ளிகளுக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம்.



– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், அவிநாசிபாளையம்